சிவப்பு ஸ்டிக்கை நான் பிடுங்கிய காலை

லேபைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும், பள்ளிக் கணினிகளுக்கு வைரஸ் வராமல் காப்பது எப்படி என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். எதை எந்த மிஷினில் போடுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் போட்டுப் பழகிய மருந்துகளின் பெயரைச் சொன்னால் சிரிப்பீர்கள். எழுத உட்கார்ந்தால் எனக்கு ஒரே ஒரு காலைதான் ஞாபகம் வருகிறது. அந்தக் காலையில் என்ன நடந்தது என்று புரியாமல் நான் குழம்பிய குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. கொஞ்சம் இன்னும் மிச்சம் இருக்கிறது. அதையே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் இதே கட்டடம், இதே மாடி. ரயில் போனால் ஜன்னல் அதிரும், இப்போதும் அதிரும் என்று நினைக்கிறேன். பதினான்கு கணினிகள் மாணவர்களுக்கு, ஒன்று ஆசிரியர் மேஜையில். ஊரில் அப்போதுதான் மெமரி ஸ்டிக் மலிந்திருந்தது. ஆளுக்கொன்று கழுத்தில் தொங்கும், ஸ்டிக்குக்கு நாலு வைரஸ் அதில் தொங்கும். இணையம் இருந்தது என்று சொல்லலாம், அவ்வளவுதான். மருந்தை, அதாவது வைரஸ் பிடிக்கும் மென்பொருளின் புதுப் பதிப்பை, இறக்கப் போட்டுவிட்டு மொஹிங்கா சாப்பிட்டு வந்தாலும் பாதி இறங்கியிருக்காது. அதனால் வாரம் ஒரு முறை பஸ் ஏறி லத்தாவுக்குப் போவேன். அங்கே மொத்த வியாபாரக் கடைகளுக்கு நடுவே ஒரு சீனக்காரர் கணினிக் கடை வைத்திருந்தார். அவரிடம் சீடியில் வாங்கி வருவதுதான் எங்கள் தடுப்பூசி.

எங்கள் தலைமையாசிரியை, சயாமாஜீ, நல்ல நிர்வாகி. ஆனால் வைரஸ் என்றால் தூசியோடு வருவது என்று அவருக்கு உறுதியான எண்ணம். செருப்பை வாசலில் கழற்ற வேண்டும், இருமுகிற பிள்ளை உள்ளே வரக் கூடாது என்று சட்டம். நான் சொல்லிப் பார்த்து ஓய்ந்துபோனேன். செருப்பைக் கழற்றினால் தரை சுத்தமாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

என் சட்டம் வேறு. லேபுக்கென்று ஒரே ஒரு ஸ்டிக், கறுப்பு நிறம், அது என் கழுத்தில் இருக்கும். வேறு எவருடைய ஸ்டிக்கும் எந்த மிஷினிலும் ஏறக் கூடாது. இன்னொன்று, நோட்டு. பெரிய கோடு போட்ட நோட்டு ஒன்றில் எந்தத் தேதி, எந்த மிஷின், என்ன கோளாறு, காரணம் என்ன என்று நாலு கட்டம் போட்டு எழுதுவேன். சயாமாஜீ பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடுவார். எந்தக் கட்டத்தையும் காலியாக விடமாட்டேன், அதில் எனக்கு ஒரு கர்வம். காரணம் தெரியாவிட்டாலும் ஏதாவது ஒரு காரணம் எழுதிவிடுவேன். அந்தக் கர்வத்தை நினைத்தால் இப்போது என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

லேபில் எனக்குத் துணையாக பார்வதி என்று ஒரு பெண் இருந்தாள். இருபத்து நாலு வயது. அவள் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், அப்பா முனிசிபாலிட்டியில் வேலை. பள்ளிப் பதிவில் அவள் பெயர் மா நீலா. நானும் அவளும் தமிழில் பேசிக்கொள்வோம். என்னை மட்டும் 'சயா' என்பாள், பர்மிய மொழியில் 'சார்' என்கிற மாதிரி. தற்காலிக வேலை. அந்த வருஷம் பத்தொன்பது பிள்ளைகள் வெளியில் நடக்கும் ஒரு கணினிச் சான்றிதழ்த் தேர்வுக்குப் போகிறார்கள், அது நல்லபடி முடிந்தால் வேலை நிரந்தரம் என்று சயாமாஜீ சொல்லியிருந்தார். ஆளுக்கொரு செய்முறை வேலை செய்து, குறிப்பிட்ட வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் ஒரே சீடியில் ஒப்படைக்க வேண்டும். பிள்ளைகள் இரண்டு மாதமாக உட்கார்ந்து செய்துகொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கு ஒரு மாதம் இருக்கையில் ஆசிரியர் மேஜை மிஷினுக்கு வைரஸ் முற்றிவிட்டது. போட்ட மருந்தெல்லாம் தோற்றது. பெட்டியைத் துணியில் கட்டி லத்தாவுக்குத் தூக்கிப் போனேன். கடைக்காரர் இரண்டு நாள் வைத்திருந்து, முழுக்கத் துடைத்துப் புதிதாக எல்லாம் ஏற்றித் தந்தார். தரும்போது பர்மிய மொழியில் மளமளவென்று ஏதோ விளக்கினார். கடையில் எட்டுப் பேர் நிற்கிறார்கள். அவர் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கம், திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்டு மெனக்கெடுத்தவும் கூச்சம். "ஹொக்கே, ஹொக்கே" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். "சரி, சரி" என்று அர்த்தம். திரையின் மூலையில் பூட்டு மாதிரி ஒரு சின்னப் படம் புதிதாக இருந்தது. புது மருந்தின் சின்னம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அந்த மிஷினின் முகப்பில் கடைக்காரர் ஒரு அருவிப் படம் போட்டிருந்தார். சயாமாஜீ பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் என்ன அருவி, புத்தர் கோயில் பகோடா படம் போடுங்கள் என்றார். போட்டேன். பத்து நாள் கழித்து ஒரு காலையில் வந்து பார்த்தால் மறுபடி அருவி. பிள்ளைகள் யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று வகுப்பையே நிற்க வைத்துத் திட்டினேன். சயாமாஜீயின் கடிதம் ஒன்றும் அன்றைக்குக் காணாமல் போயிருந்தது. கூத்து என்னவென்றால், நான் ஏற்றிய புது மருந்தும் போயிருந்தது. வைரஸ் மருந்தையே தின்றுவிட்டது என்று பார்வதியிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஏதோ இருந்தது.

"சயா, முந்தா நேத்து மிஷினு அணைஞ்சிடுச்சுல்ல..." என்று ஆரம்பித்தாள்.

"அணைஞ்சா என்ன? எல்லா மிஷினுந்தான் அணையுது. போய் மத்த மிஷினப் பாரும்மா."

அவள் போய்விட்டாள். நான் நோட்டில் "காரணம்: புது வகை வைரஸ்" என்று எழுதி முடித்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆசிரியர் மேஜை மிஷினை நாங்கள் அணைப்பதே இல்லை. கிளம்பவே கால் மணி நேரம் பிடிக்கும் என்பதால், பேட்டரியோடு இன்வெர்ட்டரில் கோத்து வாரக்கணக்கில் ஓடவிடுவோம். கரண்ட் ஒரேயடியாக இரண்டு நாள் வராமல் பேட்டரியும் செத்தால்தான் அது அணையும். அப்படி அபூர்வமாகத்தான் நடக்கும். அதனால்தான் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. பத்து நாள் எல்லாம் ஒழுங்காக இருக்கும், பதினோராம் நாள் பேய் புகுந்த மாதிரி இருக்கும்.

ஒப்படைக்கும் வாரத்துக்கு முந்தின வாரம் மாணவர் மிஷின்கள் பதினான்கிலும் வைரஸ். கோப்புகள் ஒளிந்துகொள்கின்றன, பிள்ளைகள் அழுகிறார்கள். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பெரிய யோசனை என்று நினைத்தேன். பத்தொன்பது பேருடைய வேலையையும் மருந்து போட்டுச் சுத்தம் செய்து, என் கறுப்பு ஸ்டிக்கில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஆசிரியர் மேஜை மிஷினில் சேர்த்தேன். அதுதான் லத்தாவில் துடைத்த சுத்தமான மிஷின். பிறகு பதினான்கையும் அடியோடு அழித்துப் புதிதாக்கினேன். கறுப்பு ஸ்டிக்கில் இடம் போதாததால் அதையும் அவ்வப்போது அழித்துவிட்டேன். ஆக, இரண்டு மாத உழைப்பும் ஒரே ஒரு பெட்டிக்குள். அடுத்து வந்த வார இறுதியில் கரண்ட் வரவே இல்லை.

திங்கள் காலை. நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே பார்க்கிறேன். பார்வதி எனக்கு முன்பே வந்து ஆசிரியர் மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். திரையில் அருவி. பெட்டியின் முன்பக்கம் ஒரு சிவப்பு ஸ்டிக் செருகியிருக்கிறது. அவளுடையது. ஓடிப்போய்ப் பார்த்தேன். பத்தொன்பது பேருடைய வேலையும் இருந்த இடம் துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது.

ஸ்டிக்கைப் பிடுங்கினேன்.

"சயா, இருங்க, நான் திருப்பி..."

"பேசாதே! ஒரு வார்த்த பேசாதே! எத்தன தடவ சொல்லிருக்கேன், வெளி ஸ்டிக்கு ஏத்தாதேன்னு? போச்சே, எல்லாம் போச்சே! புள்ளைங்க மூஞ்சிய எப்படிப் பாப்பேன்?"

கையை ஓங்கியும்விட்டேன். அடிக்கவில்லை. ஆனால் ஓங்கினேன். அதை எழுதாமல் விட்டால் இந்த முழுக் கடிதமும் பொய்யாகிவிடும்.

சயாமாஜீ அறையில் விசாரணை ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. அவர் பர்மிய மொழியில் கேட்டார்.

"மா நீலா, ஸ்டிக் போட்டாயா?"

"போட்டேன், சயாமாஜீ."

"போடக் கூடாது என்று தெரியுமா?"

"தெரியும். அதைப் போட்டுப் பாருங்கள், சயாமாஜீ. ஒரே ஒரு தடவை போட்டுப் பாருங்கள்."

அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நான் பேச ஆரம்பித்துவிட்டேன். அந்த ஸ்டிக்கை இன்னொரு மிஷினில் போட்டால் அதுவும் போய்விடும் என்றேன். போய்விடும் என்று லேபைப் பார்க்கிறவனே சொன்ன பிறகு சயாமாஜீ என்ன செய்வார்? அவளை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். சிவப்பு ஸ்டிக்கை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, மேலே டேப் ஒட்டி, அலமாரியில் பூட்டினேன். விஷப் பாம்பைப் பிடித்து அடைத்த மாதிரி ஒரு திருப்தி. நோட்டில் எழுதினேன்: "காரணம்: மா நீலா கொண்டுவந்த ஸ்டிக்." சயாமாஜீ கையெழுத்துப் போட்டார். பெற்றோர்களைக் கூப்பிட்டு, கெடுத்தவளை அனுப்பிவிட்டோம் என்றும் சொன்னார்.

பிள்ளைகள் நாலு நாள், இரண்டு மாத வேலையை மறுபடி செய்தார்கள். மிச்சப் பாடங்களையெல்லாம் நிறுத்திவிட்டோம். ஒரு பையன் எதுவுமே ஞாபகம் வரவில்லை என்று மேஜையில் தலையை வைத்துக்கொண்டான். வியாழன் மத்தியானம், முடித்தவர்களின் வேலையை மறுபடி ஆசிரியர் மேஜை மிஷினில் சேர்த்தேன். புத்தி வந்ததா பாருங்கள், மறுபடி அதே மிஷின்! சேர்த்து முடித்த அரை மணியில் கரண்ட் போனது. வார இறுதியில் வடிந்த பேட்டரி இன்னும் ஏறியிருக்கவில்லை, அதுவும் படுத்துவிட்டது. கரண்ட் வந்து மிஷின் கிளம்பியதும் திரையில் மறுபடி அருவி. சேர்த்தது எதுவும் இல்லை.

நல்லவேளை, இந்த முறை மாணவர் மிஷின்களில் எல்லாம் அப்படியே இருந்தன. வேலை போகவில்லை. ஆனால் பார்வதி அங்கே இல்லை. சிவப்பு ஸ்டிக் டின்னுக்குள் டேப் ஒட்டிக் கிடக்கிறது. லேபில் நான் மட்டும்தான். அந்த அருவியையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. வைரஸா, பேயா, எனக்கே கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று ஒன்றும் விளங்கவில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு லத்தாவுக்கு ஓடினேன். கடைக்காரர் அந்தப் பூட்டுச் சின்னத்தைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார்.

"அன்றைக்கே சொன்னேனே, சயா. இது இன்டர்நெட் கடைக்காரர்கள் கேட்டு வாங்குவது. அணைத்துப் போட்டால் மிஷின் நான் கொடுத்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே திரும்பிவிடும். வந்து போகிறவர்கள் செய்த எதுவும் தங்காது, வைரஸும் தங்காது. நம்மிடம் வருகிற எல்லாருக்கும் இதைத்தான் போடுகிறேன். வைத்துக்கொள்ள வேண்டியது இருந்தால் பூட்டைத் திறந்துவிட்டு வையுங்கள் என்றேன். நீங்களும் ஹொக்கே ஹொக்கே என்றீர்களே!"

அந்த மனிதர் மேல் ஒரு தப்பும் இல்லை. இருந்தாலும் அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. வைரஸைத் தடுக்கத்தான் அந்தப் பூட்டு. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. என் மருந்தைத் தின்றதும் அது, கடிதத்தைத் தின்றதும் அது, பிள்ளைகளின் இரண்டு மாதத்தைத் தின்றதும் அது. அதைச் சுமந்து வந்து வைத்தவன் நான்.

வெள்ளிக்கிழமை சீடியைக் கொடுக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திங்கள்கிழமை சயாமாஜீயிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "அவள் திரும்பி வரட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பெற்றோர்களிடம் ஸ்டிக் என்று சொல்லியாகிவிட்டது. அது ஸ்டிக்காகவே இருக்கட்டும்" என்றார். நானும் தலையாட்டினேன். இங்கேயும் ஹொக்கேதான்.

பார்வதி ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில் அக்கா வீட்டில் இருக்கிறாள், ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று சொன்னார்கள். டின்னை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் பாலம் தாண்டிப் போனேன். தொழிற்சாலைக்கு எதிரே டீக்கடையில் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் வெளியே வரும்வரை காத்திருந்தேன். கன்னத்தில் தனகாப் பூச்சோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவாளோ என்று பயந்தேன். அவள் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

பூட்டைப் பற்றிச் சொன்னேன். மன்னித்துவிடு என்றேன். டின்னை அவள் பக்கம் தள்ளினேன். அவள் டேப்பைப் பார்த்தாள்.

"இன்னும் போட்டுப் பாக்கலியா, சயா?"

"இல்லம்மா."

"அன்னிக்கே போட்டுப் பாருங்கன்னு சொன்னேனே. ரெண்டு தடவ சொன்னேன்." டின்னின் டேப்பைச் சுரண்டினாள். "மொத தடவ அருவிப் படம் வந்தப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. மிஷினு அணைஞ்சாதான் எல்லாம் போவுதுன்னு தோணுச்சு. நாந்தான் என்னமோ தப்பாப் பண்ணிட்டேன்னு பயம். ஒங்ககிட்ட சொல்ல வந்தேன், போய் வேலயப் பாருன்னீங்க. அதுக்கப்பறம் தெனம் கெளம்பறதுக்கு முன்னாடி எல்லாத்தயும் என் ஸ்டிக்குல எடுத்து வெச்சுக்குவேன், அது ஒங்க கறுப்பு ஸ்டிக்க விடப் பெருசு. அன்னிக்குக் காலைல அதத் திருப்பிப் போடத்தான் ஒக்காந்தேன். நீங்க வந்துட்டீங்க."

டீ ஆறிப்போனது.

"வேலைக்குத் திரும்பி வாம்மா. சயாமாஜீ சரின்னுட்டாங்க" என்றேன் கடைசியில்.

"நோட்டுல என்ன எழுதிருக்கீங்க?"

சொன்னேன்.

"அத அடிச்சுட்டு, நெசமா நடந்தத எழுதுங்க. புள்ளைங்க முன்னாடி அதப் படிங்க. அப்ப வரேன். ஸ்டிக்குக்காரின்னு பேரோட அந்தப் படி ஏற மாட்டேன், சயா."

"எழுதிடறேம்மா" என்றேன். டின்னை அவள் வாங்கவில்லை. உள்ளே இருப்பது பிள்ளைகளுடையது என்று சொல்லி எழுந்து போனாள்.

மறுநாள் லேபில் சிவப்பு ஸ்டிக்கைப் போட்டேன். ஆமாம், அதில் ஒரு வைரஸ் இருந்தது. ஊரில் எந்த ஸ்டிக்கில்தான் இல்லை? பழைய வைரஸ், மருந்து ஒரு நொடியில் எடுத்துப் போட்டது. அதற்குக் கீழே பத்தொன்பது பேருடைய பெயரும் வரிசையாக இருந்தது. ஒன்று குறையவில்லை. நான் அந்தத் திங்கட்கிழமை ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு அதைத் திறந்திருந்தால் பத்தே நிமிஷத்தில் எல்லாம் பழையபடி இருந்திருக்கும். தேர்வு முடிவு வந்தபோது இரண்டு பேர் தேறவில்லை. மேஜையில் தலையை வைத்துக்கொண்ட பையன் அதில் ஒருவன்.

நோட்டை எடுத்தேன். அந்தப் பக்கத்தின் அடியில் சயாமாஜீ கையெழுத்து. மாற்றினால் அவரிடம் திரும்பக் கையெழுத்து வாங்க வேண்டும், பெற்றோர் காதுக்குப் போகும், லேபை என்னிடமிருந்து எடுத்துவிடுவார்கள். அடுத்த வாரம் எழுதலாம் என்று வைத்தேன். அடுத்த பருவம் என்று வைத்தேன். சயாமாஜீ ஓய்வு பெற்றுப் போனார், அப்போதும் எழுதவில்லை. நானும் ஓய்வு பெற்று வந்துவிட்டேன். பார்வதி திரும்பி வரவே இல்லை. வருவதற்கு நான் வழி விடவில்லை.

ஆக, பிள்ளைகளே, வைரஸைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கோப்பு காணாமல் போனால் கத்துவதற்கு முன் பக்கத்தில் இருப்பவளைப் பேச விடுங்கள். கடைக்காரர் சொல்வது புரியாவிட்டால் எட்டுப் பேர் முன்னால் நின்றாவது திரும்பக் கேளுங்கள். காரணம் தெரியாத கட்டத்தில் "தெரியவில்லை" என்று எழுதுங்கள், மானம் ஒன்றும் போய்விடாது. சந்தேகப்பட்ட ஸ்டிக்கைத் தனியாக ஒரு பழைய மிஷினில் போட்டாவது பாருங்கள்.

இனி உங்களிடம் ஒரு வேலை. பெரிய அலமாரியில், கீழ்த் தட்டில், பழைய விசைப்பலகைகளுக்கு அடியில் அந்த நோட்டு இருக்கும். நீல அட்டை. சாவி இப்போது உங்களிடம். வருகிற வியாழக்கிழமை நான் பள்ளிக்கு வருகிறேன். அந்தப் பக்கத்தைத் திறந்து மேஜையில் வையுங்கள். நான் டீ குடிப்பேன், பழைய கதை பேசுவேன், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்திருக்கப் பார்ப்பேன். விடாதீர்கள். பேனாவும் நீங்களே வைத்திருங்கள், மறந்து வந்துவிட்டேன் என்று சொல்லக்கூடிய ஆள்தான் நான்.